112 நாள் கண்ணில் படாமல் கிடந்த பகா எண்: ஒரு நிகழ்வு ஆய்வு

2015 செப்டம்பர் 17. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துப் பல்கலைக்கழகக் கணினி ஒன்று, 31 நாள் ஓயாமல் போட்ட கணக்கை முடித்து விடையைச் சர்வருக்கு அனுப்பியது. மீதி பூஜ்ஜியம். அதுவரை மனிதர் அறிந்த பகா எண்கள் எல்லாவற்றையும் விடப் பெரிய ஒன்று அகப்பட்டுவிட்டது என்பதுதான் அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பொருள். ஒரு மனிதர் அதைப் பார்த்தது 2016 ஜனவரி 7 அன்று. இடையே 112 நாள் ஓடிவிட்டது.

கணிதத்தில் எந்தப் பிழையும் நடக்கவில்லை. வன்பொருளும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. விடை சர்வருக்கு வந்தும் சேர்ந்தது. அப்புறமும் அது எப்படிக் கண்ணில் படாமல் போனது, தெரிந்த பிறகு சம்பந்தப்பட்டவர்கள் எடுத்த முடிவுகள் எவை, அவற்றில் எவை சரி என்பதே இந்த ஆய்வு. அவர்களுடைய பெயர்கள் பொதுவெளியில் கிடைப்பவைதான். ஆனாலும் இங்கே தவிர்த்திருக்கிறேன். யாருடைய தவறு என்று தேடப் போனால் நடந்தது என்ன என்பது மறைந்துவிடும்.

பின்னணி

2-ஐ அதனாலேயே பலமுறை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127 ஆகியவை இந்த வகைப் பகா எண்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பதால் மட்டும் விடை பகா எண் ஆகிவிடாது. 2¹¹ − 1 = 2047. இது 23 × 89.

பிரான்சைச் சேர்ந்த துறவி மாரன் மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். அதில் 67-உம் 257-உம் தவறு; 61, 89, 107 விடுபட்டவை. பட்டியல் முழுவதையும் சரிபார்த்து முடிக்க 1947 வரை ஆனது. இந்தத் துறையில் ஒரு விடை வெளிவருவதற்கும் அதை இன்னொருவர் உறுதி செய்வதற்கும் நடுவே இடைவெளி விழுவது ஆரம்பத்திலிருந்தே இருக்கிற கதை.

1996 ஜனவரியில் கிம்ப்ஸ் என்ற தன்னார்வக் கூட்டுத் தேடல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஒரு மென்பொருளை இறக்கித் தம் கணினியில் ஓட விடலாம். மத்திய சர்வர் ஓர் அடுக்கைக் கொடுக்கும்; கணினி பல நாள், சில நேரம் பல வாரம், கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். அநேகமாக எப்போதும் வரும் விடை "பகா எண் இல்லை" என்பதுதான். "ஆம்" வருவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நிகழ்வின் மையத்தில் இருக்கும் பேராசிரியர் இதற்குப் புதியவர் அல்லர். பல்கலைக்கழக வளாகத்துக் கணினிகளில் இந்த மென்பொருளை ஓட விட்டு, 2005-இலும் 2006-இலும் சக பேராசிரியர் ஒருவருடன் சேர்ந்து இரண்டு சாதனை எண்களைக் கண்டவர். மூன்றாவது 2013 ஜனவரியில் கிடைத்த 2⁵⁷⁸⁸⁵¹⁶¹ − 1. 1,74,25,170 இலக்கம் கொண்டது. 2015-இல் உலகின் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்ததும் அதுதான். ஆக, தன் சாதனையைத் தானே முறியடித்துவிட்டு அது தெரியாமல் அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

எண்ணைக் கிட்டத்தில் பார்த்தால்

எண் இது: 2⁷⁴²⁰⁷²⁸¹ − 1.

எழுதினால் 2,23,38,618 இலக்கம் வரும். வினாடிக்கு ஓர் இலக்கம் என்று சோறு தண்ணீர் இல்லாமல் வாசித்தாலும் 258 நாள் தாண்டும். இரும எண் முறையில் எழுதினாலோ வேறு எதுவுமே இல்லை, வெறும் ஒன்றுகள், மொத்தம் 7,42,07,281. எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

இவ்வளவு பெரிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காகிதமும் பேனாவும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 2-இன் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 04, 08, 16, 32, 64, 28, 56, 12, 24, 48, 96, 92, 84, 68, 36, 72, 44, 88, 76, 52. அடுத்து மறுபடியும் 04. இருபது படிக்கு ஒரு சுற்று. 7,42,07,281-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. 21-க்கும் மீதி 1. 2²¹ = 20,97,152 என்பதால் கடைசி இரண்டு இலக்கம் 52; ஒன்றைக் கழித்தால் 51. நம் எண் 51-இல் முடிகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைச் செய்துகாட்டினால் முதலில் நம்பாது, பிறகு வேறு அடுக்கு கேட்கும்.

இன்னொரு பண்பு யூக்ளிட் காலத்தது. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைப் பெற்றுத் தரும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்ணை நிறைவெண் என்கிறோம்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. நம் எண்ணை 2⁷⁴²⁰⁷²⁸⁰-ஆல் பெருக்கினால் 4,46,77,235 இலக்கம் கொண்ட நிறைவெண் கிடைக்கும். செப்டம்பர் 17 அன்று அதுவும் சேர்ந்தேதான் கிடைத்தது. சேர்ந்தேதான் மறைந்தும் கிடந்தது.

சோதனை எப்படி நடக்கிறது

பகா எண்ணா என்று பார்க்க, சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பள்ளிக்கூட வழி. இரண்டு கோடி இலக்கத்துக்கு அது உதவாது. மெர்சென் எண்களுக்கென்றே ஒரு குறுக்கு வழி உண்டு. பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூக்கா 1878-இல் அடித்தளம் போட்டார், அமெரிக்கர் டி. எச். லேமர் 1930-இல் செப்பனிட்டார். செய்முறை எளிது. 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, 2 கழி, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். இப்படி, அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி பூஜ்ஜியம் என்றால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண்.

31-க்குச் செய்வோம். அடுக்கு 5, ஆகவே மூன்று படி. 4-இன் வர்க்கம் 16, இரண்டு கழித்தால் 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு கழித்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64, இரண்டு கழித்தால் 62. 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்ஜியம். பகா எண். இதையே 2047-க்கு ஒன்பது படி செய்தால் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று போய் 1736-இல் நிற்கும். பூஜ்ஜியம் வரவில்லை, பகு எண். கவனியுங்கள், 23 × 89 என்ற காரணிகளை இந்தச் சோதனை சொல்வதே இல்லை. "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும்.

மெர்சென் எண்ணால் வகுப்பதற்கு வகுத்தலே தேவையில்லை என்பது இதில் ஒளிந்திருக்கும் வசதி. 194-ஐ இரும முறையில் எழுதினால் 11000010. 31-க்கு ஐந்து இலக்கம்; ஆகவே வலமிருந்து ஐந்தை வெட்டு. வலப்பக்கம் 00010, அதாவது 2. இடப்பக்கம் 110, அதாவது 6. கூட்டினால் 8. மீதி அதேதான். கணினிக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. உலகின் மிகப் பெரிய பகா எண்கள் பெரும்பாலும் மெர்சென் வகையாகவே இருப்பதற்கு இந்தச் சோதனையின் எளிமைதான் காரணம். மற்ற வகை எண்களிலும் பகா எண்கள் ஏராளம் உண்டு. அவற்றைச் சோதிக்கத்தான் நம்மிடம் நேரம் இல்லை.

நம் எண்ணுக்கு 7,42,07,279 படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு கோடிச் சொச்சம் இலக்கம் உள்ள ஓர் எண்ணின் வர்க்கம். சாதாரண மேசைக் கணினிகளில் இருக்கும் இன்டெல் ஐ7-4790 சிப்பில் இந்த வேலை 31 நாள் நடந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு படிக்குச் சுமார் 36 மில்லி வினாடி. நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் இரண்டு மூன்று படி தாண்டியிருக்கும்.

நடுவில் எங்காவது ஒரு பிட் புரண்டால் அதற்குப் பின்னான அத்தனையும் வீண். 40 நாள் விரதம் இருந்து 39-ஆம் நாள் மறந்து வாயில் எதையோ போட்டுக்கொண்ட கதைதான். அதனால் "இல்லை" என்ற விடையையும் பின்னர் வேறொரு கணினியில் மறுமுறை ஓட்டிப் பார்ப்பது கிம்ப்ஸின் வழக்கமாக இருந்தது. இந்த மறுசோதனை முதல் சோதனைக்கு ஆண்டுக்கணக்கில் பின்தங்கியே வந்தது. ஆகவே தவறவிட்ட ஒன்றை மறுசோதனை உடனே பிடித்துக் கொடுத்துவிடும் என்று யாரும் நம்பியிருக்க முடியாது.

செப்டம்பர் 17-க்குப் பிறகு

பகா எண் அகப்பட்டால் பொறுப்பாளர்களுக்குத் தானாகத் தகவல் போக வேண்டும். போய்ச் சேரவில்லை. பேராசிரியருக்கும் தெரியவில்லை. விடை தரவுத்தளத்தில் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஆயிரக்கணக்கான "இல்லை" வரிகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. உலகெங்கும் தன்னார்வலர்கள் சாதனை எண்ணைத் தேடித் தம் கணினிகளைச் சூடாக்கிக்கொண்டிருந்த அதே வாரங்களில் அது சர்வரிலேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, எழுத்துக்கு எழுத்து அதுதான்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அதை நான் இந்த நிகழ்வின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன். 2009 ஏப்ரல் 12 அன்று நார்வேயில் ஒரு தன்னார்வலரின் கணினி 2⁴²⁶⁴³⁸⁰¹ − 1 பகா எண் என்று சர்வருக்குத் தெரிவித்தது. மனிதர் கண்ணில் அது பட்டது ஜூன் 4-இல், 53 நாள் கழித்து. அந்த எண் 1,28,37,064 இலக்கம் கொண்டது. 2008 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் கிடைத்திருந்த 1,29,78,189 இலக்க எண்ணைவிடச் சற்றே சிறியது, ஆகவே சாதனை இல்லை. சாதனை பறிபோகாததால் அந்தத் தாமதம் ஒரு சுவையான துணுக்காக நின்றுவிட்டது என்பது என் கணிப்பு. 2009-இல் 53 நாள், 2015-இல் 112 நாள். இரண்டாம் முறை இரட்டிப்புக்கும் மேல்.

ஏன் இப்படி? குறிப்பிட்ட நிரல் வரி எது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அமைப்பைப் பார்த்தாலே போதும். "இல்லை" என்ற விடை போகும் பாதை நாள்தோறும் ஓயாமல் ஓடுகிறது. அதில் கோளாறு வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். "ஆம்" போகும் பாதையில் 2013 ஜனவரிக்குப் பிறகு இரண்டரை ஆண்டுக்கு மேல் யாருமே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் சர்வரில் எது மாறியிருந்தாலும், அந்தப் பாதை அடைபட்டிருந்தாலும், தெரிய வழி இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தேர் ஓடும் வீதியில் தேர் கிளம்பிய பிறகுதான் நடுவில் கம்பம் நட்டிருப்பது தெரியும் என்பது போல.

இன்னொன்று, எதிர்பார்ப்பு. யாருக்கும் எந்தத் தேதியிலும் நல்ல செய்தி வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பளம் வரவில்லை என்றால் மாதம் முதல் தேதியே தெரியும். லாட்டரி விழவில்லை என்றால் யாரும் விசாரிப்பதில்லை. மௌனம் இங்கே இயல்பான நிலை. ஆகவே மௌனத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பேராசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினிகள் மாணவர் பயன்படுத்தும் வளாகத்தில் பரவிக் கிடப்பவை. ஒவ்வொன்றின் முடிவுக் கோப்பையும் தினமும் திறந்து பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. சர்வர் சொல்லும் என்று நம்பினார். எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள்.

ஜனவரி 7, அதன்பின் எடுத்த முடிவுகள்

கண்டது தற்செயல். வழக்கமான பராமரிப்பின்போது தரவுத்தளத்தைத் துழாவுகையில் அந்த வரி வெளியே வந்தது. உலக நேரப்படி இரவு 10.30, நம் ஊரில் மறுநாள் அதிகாலை 4 மணி. கிம்ப்ஸ் தொடங்கி 20 ஆண்டு நிறைந்த மாதமும் அதுவே.

முதல் முடிவு, உடனே அறிவிக்காமல் இருப்பது. 112 நாள் தாமதித்துவிட்டோமே என்ற பதற்றத்தில் அன்றிரவே சொல்லிவிடலாம் என்று தோன்றியிருக்கக் கூடிய இடம் இது. அவர்கள் பொறுத்தார்கள். காரணம் தெளிவு. ஒரே கணினி, ஒரே மென்பொருள் சொன்ன "ஆம்" அது. தற்செயலான வன்பொருள் பிழையால் கடைசியில் சரியாகப் பூஜ்ஜியம் வருவது ஏறக்குறைய நடவாத காரியம். ஆனால் மென்பொருளில் பிழை இருந்தால் அது எதையும் காட்டும், எத்தனை கணினியில் ஓட்டினாலும் அதையே காட்டும்.

அதனால் இரண்டாவது முடிவு, மறுசோதனைகளை வேறு வேறு மென்பொருளிலும் வேறு வேறு வன்பொருளிலும் செய்வது. ஒன்று என்விடியா டைட்டன் பிளாக் கிராபிக்ஸ் கார்டில், 2.3 நாள் ஆனது. இன்னொன்று ஏஎம்டி ஃபியூரி எக்ஸ் கார்டில், 3.5 நாள். மற்றொன்று அமேசானின் மேகக் கணினியில், 18 கோர் கொண்ட இரண்டு ஜியான் சிப்களில், அதுவும் 3.5 நாள். மென்பொருள்களை எழுதியவர்களும் வேறு வேறு. எல்லாவற்றிலும் மீதி பூஜ்ஜியம். முதல் கணினிக்கு ஒரு மாதம் ஆன வேலையை மறுசோதனைகள் சில நாளில் முடித்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தேடலில் எந்த எண் வெல்லும் என்று தெரியாது. எல்லா எண்ணுக்கும் உயர்ந்த வன்பொருளை ஒதுக்க ஆள் இல்லை. ஓர் எண் என்று தெரிந்துவிட்டால் நல்ல இயந்திரம் வைத்திருப்பவர்கள் மற்ற வேலையை நிறுத்திவிட்டு உதவ வருவார்கள்.

மூன்றாவது முடிவுதான் எனக்குப் பிடித்தது: கண்டுபிடித்த தேதி எது? செப்டம்பர் 17-ஆ, ஜனவரி 7-ஆ? கணினி விடை கண்ட நாளா, மனிதர் அறிந்த நாளா? மனிதர் அறிந்த நாள்தான் என்று முடிவு செய்தார்கள்.

ஏதோ வசதிக்காகச் செய்த ஏற்பாடு இல்லை இது. 1961-லேயே ஒரு முன்மாதிரி இருந்தது. அலெக்சாண்டர் ஹர்விட்ஸ் என்ற கணிதர் ஐபிஎம் 7090 கணினியில் சோதனை ஓட்டினார். ஒரே ஓட்டத்தில் இரண்டு புதிய பகா எண்கள் கிடைத்தன: 2⁴²⁵³ − 1, 2⁴⁴²³ − 1. அச்சிட்டு வந்த தாள்களைப் பின்னிருந்து முன்னாகப் படித்தார். ஆகவே 4423 முதலில் கண்ணில் பட்டது. சில வினாடி கழித்துத்தான் 4253. கணினி 4253-ஐ முன்பே கண்டுவிட்டது. இருந்தும், "அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்" என்ற பட்டம் அந்த எண்ணுக்கு ஒரு நொடிகூட இருந்ததில்லை என்றே கொள்கிறார்கள். தாள் அடுக்கியிருந்த விதத்தால் ஓர் எண் பட்டத்தை இழந்தது.

"அறியப்பட்ட" என்ற சொல்லுக்குள் அறிபவர் ஒருவர் இருக்கிறார் என்ற அளவில் இந்தத் தர்க்கம் எனக்கு ஏற்புடையதே. பகா எண்ணாக அது எப்போதுமே இருந்தது, மனிதர் பிறக்கும் முன்பும். மாறியது நம் அறிவு மட்டுமே. ஆனால் இதன் பக்க விளைவு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டியல்களில் இன்று 2016 ஜனவரி 7 என்ற தேதி நிற்கிறது. 112 நாள் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. தேதி விதி சரியானதாக இருந்தும், நடந்த கோளாறு அதனால் வரலாற்றுப் பரப்பில் தெரியாமல் போகிறது. கிம்ப்ஸ் தன் அறிவிப்பிலேயே செப்டம்பர் 17-ஐயும், அது கவனிக்கப்படாமல் கிடந்ததையும் வெளிப்படையாக எழுதியது. அப்படி எழுதாமல் விட்டிருந்தால் இந்த ஆய்வே கிடையாது.

தொடர்ந்து நடந்தவை

2016 ஜனவரி 19 அன்று அறிவிப்பு வெளிவந்தது. அறியப்பட்ட 49-ஆவது மெர்சென் பகா எண். பேராசிரியருக்கு நான்காவது சாதனை. பரிசு 3,000 டாலர். பத்து கோடி இலக்க எண்ணுக்கு இருக்கும் 1,50,000 டாலர் பரிசுக்கு இது கால்வாசித் தூரம்கூட வரவில்லை.

இதனால் என்ன பயன் என்று செய்தியாளர்கள் வழக்கம்போலக் கேட்டார்கள். வங்கிப் பரிமாற்றத்துக்குப் பாதுகாப்பு என்று சிலர் எழுதியும் விட்டார்கள்; அது பொருந்தாது. மறையீட்டுக்குச் சில நூறு இலக்கம் கொண்ட, வேறு யாருக்கும் தெரியாத பகா எண்கள் வேண்டும். உலகமே அறிந்த இரண்டு கோடி இலக்க எண் பூட்டுக்கு ஆகாது. உண்மையான உபபயன் வேறு இடத்தில் இருந்தது: இதே மென்பொருள் அந்த நாட்களில் இன்டெலின் புதிய ஸ்கைலேக் சிப்களில் ஒளிந்திருந்த ஒரு குறையை வெளிப்படுத்தியது. குறிப்பிட்ட கணக்கில் கணினி அப்படியே உறைந்து நின்றது. இன்டெல் திருத்தம் தர வேண்டியதாயிற்று. இரவும் பகலும் ஒரே கணக்கை அழுத்தி ஓட்டும் நிரலுக்கு வன்பொருளின் மறைந்த நோய் தெரியும்.

சாதனை 2017 டிசம்பர் 26 வரை நீடித்தது. அன்று 2⁷⁷²³²⁹¹⁷ − 1 கிடைத்தது; எட்டே நாளில், 2018 ஜனவரி 3 அன்று, சரிபார்த்து அறிவித்துவிட்டார்கள். அடுத்தது 2⁸²⁵⁸⁹⁹³³ − 1. 2018 டிசம்பர் 7 அன்று கண்டு, 21 அன்று அறிவித்தார்கள். இந்த இரண்டிலும் காணாமல் கிடந்த நாள் என்று எதுவும் இல்லை.

மாற்ற வேண்டியவை

இது என் கருத்து, கிம்ப்ஸ் சொன்னது இல்லை.

பாதையை நடந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஒரு மெர்சென் பகா எண்ணை, 2⁵⁷⁸⁸⁵¹⁶¹ − 1 என்று வைத்துக்கொள்வோம், சோதனைக் கணக்கு ஒன்றின் பெயரில் மாதம் ஒருமுறை "ஆம்" என்று சர்வருக்கு அனுப்புவது. தகவல் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது. வரவில்லை என்றால் அன்றே தெரியும். இதற்குப் பெரிய செலவில்லை. மருத்துவமனை ஜெனரேட்டரை மின்சாரம் இருக்கும்போதே வாரம் ஒருமுறை ஓட விடுவார்களே, அதே வேலை.

சர்வர் தானாகத் தகவல் அனுப்பும் என்று மட்டும் நம்பாமல் யாராவது தாமே போய்த் தேடியும் பார்க்க வேண்டும். ஜனவரி 7 அன்று பலன் தந்தது இந்த வகைத் துழாவல்தான். "மீதி பூஜ்ஜியம், ஆனால் தெரிந்த பட்டியலில் இல்லை" என்ற ஒரே கேள்வியை நாள்தோறும் தரவுத்தளத்தில் கேட்டிருந்தால் 112 நாள் ஒரு நாளாகியிருக்கும்.

2009-ஐ 2009-லேயே எழுதி வைத்திருக்க வேண்டும். விளைவு சிறிதாக இருந்த முதல் கோளாறு அது.

சோதனை முறையே இதற்கிடையில் மாறிவிட்டது. 2018-இலிருந்து லூக்கா–லேமருக்குப் பதிலாக, நடுவழியிலேயே பிழையைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு சோதனையை முதலில் ஓட்டுகிறார்கள். அது "அநேகமாகப் பகா எண்" என்று மட்டும் சொல்லும். உறுதிக்கு லூக்கா–லேமர் தேவை. 2020-இலிருந்து ஒவ்வொரு விடையோடும் ஒரு சான்றுக் கோப்பும் வருகிறது. அதைச் சரிபார்ப்பது முழுக் கணக்கையும் மறுபடி போடுவதைவிட மிகமிகச் சுலபம். இப்படிச் சோதிக்கும் எண்களுக்கு, ஆண்டுக்கணக்கில் பின்தங்கி வந்த மறுசோதனை இதனால் தேவையற்றுப் போனது. ஆனால் இந்த மாற்றங்கள் தீர்ப்பது கணக்கு சரியா என்ற கேள்வியை. யாராவது பார்த்தார்களா என்ற கேள்விக்கு இவை பதில் ஆகா.

2024 அக்டோபரில் அடுத்த எண் வந்தது. 17 நாடுகளில் பரவிய மேகக் கணினிகளை ஒருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டியதில், அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு கிராபிக்ஸ் சிப் "அநேகமாகப் பகா எண்" என்றது. மறுநாளே டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு சிப் லூக்கா–லேமர் ஓட்டி உறுதி செய்தது. 21 அன்று அறிவிப்பு. எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 4,10,24,320 இலக்கம். அடுக்கை 20-ஆல் வகுத்தால் மீதி 1. அதுவும் 51-இல்தான் முடிகிறது.